ஒரு கரண்டி உறை

வலப்பக்கத்து எட்டு வீடுகளில் பாதியாவது இந்நேரம் காய்ச்சலில் படுத்திருக்க வேண்டும். ஒருவர்கூடப் படுக்கவில்லை. அமிர்தவல்லிக்கு அதுதான் பயமாக இருந்தது.

திருப்பூரின் தெற்கே, சாயப்பட்டறைகளைத் தாண்டி அந்தப் பதினாறு வீட்டு லைன் இருந்தது. நடுவில் ஆறடிச் சந்து. இடப்பக்கம் எட்டு, வலப்பக்கம் எட்டு. எல்லாம் பனியன் கம்பெனிக் குடும்பங்கள். குடிதண்ணீர்க் குழாயில் சாக்கடை கலந்து இன்றோடு பன்னிரண்டு நாள். இதே குழாய்த் தண்ணீரைக் குடித்த பக்கத்துத் தெருவில் நாற்பத்தொரு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மூன்று வருடமாக ஊர் ஊராகச் சுற்றும் முரட்டு டைபாய்டு அது. மாத்திரைகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. கடைசியாக மிச்சம் இருந்த ஊசியும் போன தீபாவளியோடு கையை விரித்துவிட்டது.

செல்போன் அதிர்ந்தது. மருந்து ஆராய்ச்சியின் டைரக்டர் சிவசைலம்.

"இடப்பக்கம் எத்தனை?"

"ஜீரோ சார்."

"வலப்பக்கம்?"

"அதுவும் ஜீரோ."

மறுமுனையில் பெருமூச்சு. "முடிஞ்சுது போ. மருந்துத் தயிர் சாப்பிட்டவனும் நல்லா இருக்கான், வெறுந்தயிர் சாப்பிட்டவனும் நல்லா இருக்கான். அப்ப மருந்து எதுக்குன்னு கமிட்டி கேக்கும். நாலு மணிக்கு மீட்டிங். எட்டு வருஷ உழைப்பு வல்லி! மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

அந்த எட்டு வருட உழைப்பு ஒரு தயிர்க் கிருமி. வீட்டுத் தயிரில் இருக்கும் அதே சாதுவான கிருமிக்கு டைபாய்டு கிருமியின் மேல்சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள். சாப்பிடுகிற உடம்பு அந்தச் சட்டையைப் பார்த்துப் பழகிக்கொள்ளும். பிறகு நிஜ வில்லன் அதே சட்டையோடு வந்தால் வாசலிலேயே அடித்துத் துரத்தும். ஊசி வேண்டாம், ஐஸ்பெட்டி வேண்டாம். தினம் காலையில் ஒரு கப் தயிர். இடப்பக்கத்துக்கு மருந்துத் தயிர், வலப்பக்கத்துக்கு வெறுந்தயிர். கப்பு ஒரே மாதிரி. யாருக்கு எது என்று லைனில் யாருக்கும் சொல்லவில்லை.

ஐந்து மாதமாக வல்லி வாசலோடு நின்று, 'தயிரைப் பகிரவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போனவள். இன்று முதல் தடவையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, பன்னிரண்டாம் நம்பர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள்.

"என்னங்க ஆபீசரம்மா, சமைக்கப் போறீங்களா?" ரெங்கநாயகி சிரித்தாள். ஐம்பது வயது, செக்கிங் பிரிவில் சூப்பர்வைசர், சத்தமாகப் பேசிப் பழகிய தொண்டை.

அலமாரியில் மூடி வைத்த சட்டி. வல்லி ஒரு ஸ்பூன் தயிரை எடுத்து, பையிலிருந்த சொட்டு மருந்தில் இரண்டு சொட்டு விட்டாள். ஆய்வுக்கூடக் கிருமி இருந்தால் மட்டும் நிறம் மாறும். வலப்பக்கத்து வீட்டில் மாறக் கூடாது.

தயிர் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது.

"ரெங்கா அக்கா. இந்தத் தயிர் எங்கேருந்து வந்துச்சு?"

"பாலு வாங்குனேன், காய்ச்சுனேன், ஒறை ஊத்துனேன். தயிரு பின்ன ஆகாசத்துல இருந்தா வரும்?"

"உறை யாருது?"

ரெங்கநாயகியின் பார்வை சந்துக்கு அந்தப் பக்கம் மூன்றாம் நம்பர் வாசலுக்குப் போனது. அங்கே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சிந்தாமணி, திடீரென்று ஒரு கிளிப்பை ஆராய ஆரம்பித்தாள்.

"சிந்தாமணி! யாருக்கும் தயிர் தரமாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்களா இல்லையா?"

"தயிரு ஆருங்க குடுத்தா? ஒறைதான் குடுத்தேன். ஒரு கரண்டி. ஒறை கேட்டு வந்தவீங்கள வெறுங்கையோட அனுப்புறதா? எந்த ஊருலங்க பொறந்தீங்க நீங்க?"

"எத்தனை வீட்டுக்கு?"

"எதிர்ப்பக்கம் பூராத்துக்கும்தான். அவீங்க கப்பு புளிச்ச தண்ணியாட்டம் இருக்குது. எங்க கப்ப கத்தியில வெட்டலாம். எதுல மருந்து இருக்குதுன்னு ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சுங்க."

அந்த ரகசியத்தைக் காக்க ஆபீஸில் மூன்று பூட்டு, இரண்டு பாஸ்வேர்டு, ஒரு அட்வகேட்.

வல்லிக்கு ஒரு கணம் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மருந்து தோற்கவில்லை! இரண்டு பக்கமும் மருந்து சாப்பிட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் தப்பித்திருக்கிறது. அடுத்த கணமே இன்னொன்றும் உறைத்தது. ஆய்வுக்கூடக் கிருமி அனுமதி இல்லாத உடம்புக்குள் போனால் அதற்குப் பெயர் உயிரிக் கசிவு. அதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. சாப்பிட்டவர், கொடுத்தவர் எல்லோருக்கும் ஊருக்கு வெளியே முகாமில் அறுபது நாள் அடைப்பு. கவனிக்கத் தவறிய அதிகாரிக்கு வேலை போகும்.

மறுபடியும் போன். இந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பர்வீன்.

"உங்க லைன்ல பதினாலாம் நம்பர், தனுஷ்கோடி. விடியக்காலையில கூட்டிட்டு வந்தாங்க. காய்ச்சல் நூத்தி நாலு. பேர் தெரியுதா?"

தெரியாமல் என்ன? வலப்பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஒரே வீடு. தனுஷ்கோடிக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு வருடத்துக்கு முன் மாற்றுச் சிறுநீரகம் வைத்தது. அதை உடம்பு அந்நியன் என்று தாக்கிவிடாமலிருக்க, உள்ளே இருக்கும் காவல்காரர்களை மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்திருந்தார்கள். காவல் தூங்குகிற வீட்டில் சாதுவான கிருமிகூடத் திருடனாகிவிடும். அதனால்தான் ஸ்டிக்கர். அந்த வீட்டுக்கு மட்டும் எந்தக் கப்பும் கிடையாது.

"டெஸ்ட் பண்ணினீங்களா டாக்டர்?" என்றாள் வல்லி.

"பண்ணினேன். டைபாய்டுன்னு காட்டுது. ஆனா அந்த டெஸ்ட் கிருமியோட சட்டையைத்தான் பாக்கும். உங்க தயிர்க் கிருமியும் அதே சட்டைதானே போட்டிருக்கு? அதான் கூப்பிட்டேன். உடம்புக்குள்ள எந்தக் கிருமின்னு எனக்குத் தெரியணும்."

"ஜீன் டெஸ்ட்?"

"சாம்பிள் சென்னைக்குப் போயிருக்கு. நாளைக்குத்தான் வரும். அதுவரைக்கும் இவர் தாங்க மாட்டார். உங்க கிருமியா இருந்தா, அதைக் கொல்ற மருந்து உங்க ப்ராஜெக்ட் குடுத்து வச்சிருக்கு, என் அலமாரியிலேயே இருக்கு. ஒரு மணிக்குள்ள ஏத்தினா பிழைப்பார். ஆனா நிஜ டைபாய்டா இருந்து அதை ஏத்தினா, காய்ச்சலும் நிக்காது, வச்ச சிறுநீரகமும் போயிடும். அவர் உங்க தயிரைச் சாப்பிட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

மணி பன்னிரண்டு பத்து.

சந்து முனையில் ஆட்டோ வந்து நின்றது. தனுஷ்கோடியின் மனைவி பவளக்கொடி இறங்கினாள். தேனிப் பக்கத்துப் பெண். பழைய மருத்துவ ஃபைலை எடுத்துப் போக வந்தவள், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்க்காத மாதிரி கதவைத் திறந்தாள். வல்லி பின்னாலேயே உள்ளே போனாள்.

"பவளம், உங்களை யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க. உண்மையை மட்டும் சொல்லுங்க. அவருக்குத் தயிர் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். எங்க வீட்டுத் தயிரு."

வல்லி பையிலிருந்த சொட்டு மருந்தைக் கையில் எடுத்தாள். "உறை யார் குடுத்தாங்க?"

"யாரு குடுத்தாக?" பவளக்கொடி திரும்பினாள். வாசலில் நின்ற ரெங்கநாயகியை நேராகப் பார்த்தாள். "நாலு மாசத்துக்கு முந்தி அந்தா அவுக வாசல்ல டம்ளரோட நின்னேன். உள்ள சட்டி நிறையத் தயிரு. கண்ணால பாக்குறேன். இல்லைன்னுட்டாக. அடுத்த வீட்டுக்குப் போனேன், அங்கயும் இல்லை. நோயாளி வீடு, தீட்டு வீடுன்னு நினைச்சுக்கிட்டாக போல. அன்னைக்கிருந்து இந்த லைன்ல ஒருத்திகூடயும் நான் பேசுறதில்ல. ஒறையே இல்லாம மொளகாக் காம்பு போட்டுத்தான் பால் தோய்க்கிறேன்."

சட்டியைத் திறந்து காட்டினாள். தயிருக்குள் நான்கைந்து மிளகாய்க் காம்புகள். வல்லி சொட்டு மருந்தை விட்டாள். எண்ணி முப்பது நொடி. தயிர் வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் இது இன்றைய சட்டி.

"போன வாரம்? அதுக்கு முந்தி? ஒரு நாள்கூட வேற வீட்டு உறை..."

"நம்பலைன்னா எதுக்குக் கேக்குறீக?" பவளக்கொடி சட்டியை டப்பென்று மூடினாள். "என் புருசன் உசுரு போகுது. நான் பொய் சொல்லி எதக் காப்பாத்தப் போறேன்?"

பொய் சொல்ல எல்லோருக்கும்தான் காரணம் இருந்தது. கொடுத்தவர்களுக்கு முகாம். வாங்கியவளுக்குப் பழி. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

ரெங்கநாயகி படியேறி உள்ளே வந்தாள். சத்தமான தொண்டையில் சத்தமே இல்லை.

"அந்தப் புள்ள சொல்றது நெசந்தானுங்க. செவப்பு ஸ்டிக்கர் ஊட்டுக்கு ஒரு சொட்டு போனாலும் ஆள் காலின்னு நீங்கதான மொத நாளு மைக்குல சொன்னீங்க? எம் பொறப்புல ஒறை இல்லைன்னு சொன்னது அந்த ஒரு தடவதான். அவ போனதும் பதினஞ்சு ஊட்டுலயும் சொல்லி வச்சேன். பவளம் வந்தா ஆரும் குடுக்கக் கூடாதுன்னு. ஒருத்தியும் குடுக்கல."

பவளக்கொடி அவளையே பார்த்தாள். "இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல யக்கா?"

"சொன்னா, மத்த ஊட்டுக்கெல்லாம் குடுக்குறது வெளிய வந்துருமே சாமி."

வல்லிக்கு எல்லாம் ஒரே அடியில் புரிந்தது. பவளக்கொடி கம்பெனியில் கேன் தண்ணீர் குடிப்பவள். வீட்டோடு இருந்த தனுஷ்கோடி காய்ச்சித்தான் குடிப்பான். ஆனால் வாய் கொப்பளிக்கக் குழாய்த் தண்ணீர்தான். இந்த லைனில் மற்ற எல்லோருடைய உடம்பும் திருட்டுத்தனமாகப் பாடம் படித்து வைத்திருந்தது. சொன்ன பேச்சைக் கேட்ட ஒரே வீட்டில்தான் காய்ச்சல் நுழைந்திருக்கிறது.

அல்லது இவர்கள் எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள்.

அவள் பர்வீனை அழைத்தாள். "டாக்டர், நம்ம மருந்து வேண்டாம். அவர் தயிர் சாப்பிடலை. இது நிஜ டைபாய்டு."

"உறுதியா?"

"ஒரு பொண்ணு சொல்றா. நான் நம்பறேன்."

"நீங்க நம்பறது தப்பா இருந்தா சிறுநீரகம் பிழைக்கும், ஆள் பிழைக்க மாட்டார். தெரியும்ல?"

"தெரியும்."

"சரி. கிளம்பி வாங்க. டைபாய்டுன்னா எங்கிட்ட மருந்து கிடையாது. ஒரே ஒரு வழி இருக்கு. ஏற்கெனவே இதை ஜெயிக்கத் தெரிஞ்ச உடம்புலேருந்து பிளாஸ்மா எடுத்து இவருக்கு ஏத்தணும். அவர் காவல்காரங்கதான் தூங்கறாங்க, பக்கத்து வீட்டுக் காவல்காரங்களைக் கூட்டிட்டு வருவோம். இவர் ஏபி குரூப். ஏபி பிளாஸ்மாதான் சேரும். உங்க லிஸ்ட்ல யாராவது?"

வல்லி டேப்லட்டைத் தட்டினாள். பதினாறு வீட்டிலும் ஏபி குரூப் ஒரே ஒரு பெயர்தான். பன்னிரண்டாம் நம்பர், ரெங்கநாயகி.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி கிடந்தான். உதடு வெடித்து, கண் செருகி. மானிட்டரில் நூற்று நான்கு புள்ளி ஆறு.

"ரத்தம்தான? எடுத்துக்கோங்க. எத்தன லிட்டரு வேணும்?" என்று கையை நீட்டினாள் ரெங்கநாயகி.

பர்வீன் அவள் விரலில் குத்தி, ஒரு துளியைப் பரிசோதனைப் பட்டையில் வைத்தாள். பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு. "அடேங்கப்பா! நல்ல எதிர்ப்பு சக்தி. ஆனா ஒரு சிக்கல். பேப்பர்ல இவங்க வெறுந்தயிர் சாப்பிட்டவங்க. இந்த எதிர்ப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதாம, ஒரு மாற்றுச் சிறுநீரக நோயாளிக்கு நான் இதை ஏத்த முடியாது. வல்லி, நீங்க கசிவு ரிப்போர்ட் போடணும். போட்டா..."

"முகாம்," என்றாள் வல்லி. "இவங்க மட்டுமில்ல. பதினஞ்சு வீடும்."

"எத்தன நாளுங்க?" ரெங்கநாயகி கேட்டாள்.

"அறுபது."

நீட்டிய கை மெதுவாக மடிக்குத் திரும்பியது. "எம் புள்ளைக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. தலப்பிரசவம். மாமியா இல்லாத ஊடு அது. நான்தான் போகோணும்."

பவளக்கொடி சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை, கும்பிடவில்லை.

"முடியாதுன்னா முடியாதுன்னு இப்பவே சொல்லிருங்க யக்கா. மறுபடியும் என்னைய வாசல்ல நிக்க வச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீக."

ரெங்கநாயகி கண்ணை மூடினாள். மூடியபடியே கையை நீட்டினாள்.

"ஊசியக் குத்துங்க டாக்டரம்மா. சீக்கிரம். மனசு மாறிப் போகும்."

இயந்திரம் சுழன்று, பையில் மஞ்சள் நீர் இறங்கத் தொடங்கியது. பர்வீன் நோயாளியின் எடையைக் கணக்குப் போட்டு நெற்றியைத் தேய்த்தாள். "ஒரு பை பத்தாது. இவங்ககிட்ட இதுக்கு மேல எடுக்க முடியாது. இன்னொரு ஏபி வேணும்."

"நான் ஏபிதான்," என்றாள் வல்லி. "ஆனா நான் தயிர் சாப்பிட்டதில்லையே. என் பிளாஸ்மா என்னத்துக்கு ஆகும்?"

படுத்திருந்த ரெங்கநாயகி ஒரு கண்ணைத் திறந்தாள். "அஞ்சு மாசமா வெயில்ல வந்து நின்னுட்டு, 'அக்கா, ஒரு டம்ளர் மோர்'னு கேட்டு வாங்கிக் குடிச்சது உங்க அக்காளா தங்கச்சியா?"

வல்லி டேப்லட்டைக் கீழே வைத்தாள்.

மோர்! தயிர் என்றால் கைகூடத் தொட்டிருக்க மாட்டாள். டேப்லட்டை இடுக்கிக்கொண்டு, 'பகிரவில்லை' என்று ஒரு கையால் டிக் அடித்துக்கொண்டே, மறுகையால் உப்பும் பெருங்காயமும் போட்ட மோரை வாங்கி மடமடவென்று குடித்திருக்கிறாள். தினமும். அதை ஒரு நாளும் அவள் தயிராக நினைத்துப் பார்த்ததில்லை. உறையைத் தயிராக நினைக்காத சிந்தாமணியை முறைத்தவள்!

பர்வீன் விரலில் குத்தினாள். பட்டையில் சிவப்புக் கோடு. ரெங்கநாயகியுடையதைவிட அழுத்தமாக.

ஊசி ஏறிய கை ஒருபுறம் இருக்க, மற்ற கையால் வல்லி ரிப்போர்ட்டைத் திறந்தாள். 'அனுமதியின்றிக் கிருமியை உட்கொண்டோர் பட்டியல்.' முதல் வரியில் தன் பெயரைத் தட்டினாள். அமிர்தவல்லி, கள அதிகாரி.

போன் அலறியது.

"பர்வீன் இப்பதான் சொன்னாங்க. வல்லி, கையெழுத்துப் போடாதே!" சிவசைலத்துக்கு மூச்சு வாங்கியது. "தோத்த ப்ராஜெக்ட்னா வேற ப்ராஜெக்ட் தருவாங்க. கசிஞ்ச ப்ராஜெக்ட்னா கேஸ். நாளைக்குக் காலை வரைக்கும் பொறு. ஜீன் ரிசல்ட் வரட்டும்."

"அதுக்குள்ள அவர் போயிடுவார் சார்."

"ஒரு ஆள், வல்லி! இந்த மருந்து பின்னாடி லட்சம் பேரைக் காப்பாத்தும். யோசிச்சுப் பாரு."

"மருந்து வேலை செய்யுதுங்கறதே நான் இதை எழுதினாத்தான் சார் வெளிய தெரியும். எழுதலைன்னா அதுவும் நாலு மணிக்குச் செத்துடும்."

"கமிட்டி இதை நிரூபணமா எடுத்துக்காது. மருந்து சாப்பிடாத பக்கம்னு ஒண்ணே இல்லையே!"

"இருக்கு சார். ஒரே ஒரு வீடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கு."

பக்கத்துப் படுக்கையிலிருந்து ரெங்கநாயகி தலையைத் தூக்கினாள். "ஏனுங்க, பேசுறது ஆரு? போன மாசம் வெள்ளைக் கார்ல வந்தாரே, பெரிய ஆபீசரு, அவருங்களா? நம்மூட்டு மோரு நல்லா இருக்குதுன்னு ரெண்டு டம்ளரு குடிச்சாருல்ல?"

போனில் ஒரு ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பொம்பளை என்ன சொல்றா?" என்றார் சிவசைலம், மிக மெதுவாக.

வல்லி இரண்டாவது வரியில் அவர் பெயரைத் தட்டினாள். அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மணி மூன்று இருபது.

முதல் பை ஏறும்போது காய்ச்சல் அசையவில்லை. இரண்டாவது பை பாதி ஏறியபோது நூற்று ஐந்தைத் தொட்டது. பர்வீன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை சென்னையிலிருந்து முடிவு வந்தது: நிஜ டைபாய்டு, தயிர்க் கிருமி துளியும் இல்லை. வல்லி அதைப் படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலை நூற்று இரண்டு. மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி கண்ணைத் திறந்து, "பசிக்குது" என்றான்.

அதே காலை, சந்து முனையில் இரண்டு வேன்கள் வந்து நின்றன.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வீடு வீடாகப் புகுந்து சட்டி பானைகளை மஞ்சள் பைகளில் கட்டினார்கள். ஒருவன் பட்டியலைப் படித்தான். முதல் வேனில் சிவசைலம் ஏற்கெனவே ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் எரிந்தன. வல்லி அவருக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்தாள்.

"வீட்டுச் சாவிகளை ஒப்படைச்சுட்டு ஏறுங்க," என்றான் பட்டியல்காரன். "ஆபீஸ்ல பத்திரமா இருக்கும். இல்லை, முகாமுக்கு வராத ஆள் யார்கிட்டயாவது குடுக்கலாம்."

முகாமுக்கு வராத ஆள் அந்தச் சந்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். மாற்றுத் துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், பதினாலாம் நம்பர் வாசலில், சிவப்பு ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சிந்தாமணிதான் முதலில் போனாள். சாவியை அவள் கையில் வைத்தாள். அடுத்து ஐந்தாம் நம்பர். அடுத்து பத்தாம் நம்பர். ஒருத்தி துளசிக்குத் தண்ணீர் விடச் சொன்னாள். ஒருத்தி காஸ் சிலிண்டர் வரும் என்றாள். பவளக்கொடி, இரண்டு உள்ளங்கையும் போதாமல் போய், முந்தானையை விரித்தாள்.

கடைசியாக ரெங்கநாயகி வந்தாள். சாவியை உடனே கொடுக்கவில்லை.

"எம் புள்ள ஊடு பல்லடம் ரோட்டுல, பெட்ரோல் பங்குக்கு எதுக்கால," என்றாள். "தேதி அடுத்த மாசம் பதினேழு."

பவளக்கொடி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆம்பளைப் புள்ளையா பொம்பளைப் புள்ளையான்னு போன்ல சொல்றேன் யக்கா," என்றாள். "நீங்க போய் ஏறுங்க."

பதினைந்தாவது சாவி முந்தானையில் விழுந்தது.